சக்கரக் கணக்கு

"உனக்கு எத்தனை சக்கரம் இருக்கு?"
என்று கேட்டார் சாலாட்சியின் அப்பா,
கழுவி நிறுத்திய பஸ்ஸின் நிழலில் நின்று.
அந்த பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவன் நான்.
என் இரண்டு செருப்பும் ஒரே ஜோடி இல்லை.

அவருக்குப் பதினெட்டு.
முன்னால் இரண்டு, பின்னால் நான்கு,
ஆறாறாக மூன்று வண்டி.
கேட்டோ மேனர் மேட்டிலிருந்து
விக்டோரியா தெரு வரை ஓடும் பச்சைத் தகரத்தில்
'உடையார் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும்.
அவருக்கு மகன் கிடையாது.
அந்த 'சன்ஸ்' நான்தான் என்று
கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

சாலாட்சி சொல்லி அனுப்பினாள்:
சனிக்கிழமை, எட்டு மணி, ஷெட்டுக்குப் பின்னால்.
ஒரு பை துணியோடு வருவாளாம்.
அன்றைக்கு கிரேவில் மைதானத்தில் குதிரைப் பந்தயம்.
கடைசி ட்ரிப்புக்கு இரட்டைக் கூலி.
வெறுங்கையோடு எப்படிக் கூட்டிப்போவது என்று
ஏறிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனேன்.
எண்ணெய் ஊறிய மண்ணில்
ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிச்
சின்னக் காலடிகள்.
சட்டைப் பையில் ஏழு ஷில்லிங்
குலுங்கியது, வெட்கமில்லாமல்.

தை மாதம் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அப்புறம் நான் சக்கரம் சேர்த்தேன்.
முதல் ஆறு, கிரே தெரு துணிக்கடைக்காரரிடம்
வட்டிக்கு வாங்கிய பணம்.
நடுவில் எனக்கும் கல்யாணம் நடந்தது.
பேர் தனபதி. எதையும் கேட்காதவள்.
இரண்டாவது வண்டியின் பின்சக்கரம் நான்கும்
அவள் வளையல்கள்.
மீட்டுத் தருகிறேன் என்றேன்.
மூன்றாவது வண்டி வந்தது, நான்காவது வந்தது.

அரசாங்கம் மேட்டைக் காலி செய்யச் சொன்னது.
மாமரத்தோடு சேர்த்து வீடுகளைத் தள்ளினார்கள்.
உடையாரின் பதினெட்டையும் நானே வாங்கினேன்,
துருவோடு, பாதி விலைக்கு.
கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.
பளபளக்கும் ஷூவை மேஜைக்கு வெளியே நீட்டி வைத்தேன்.
கிழவர் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.
என்னை அடையாளமே தெரியவில்லை அவருக்கு.

சாட்ஸ்வொர்த்தில் அவள் வீட்டு நம்பர்
விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.
பர்மிட் வாங்கி ரூட்டை வளைத்தேன்.
ஆளில்லாத தெரு, செங்குத்தான ஏற்றம்,
டீசல் காசுகூடத் தேறாது.
கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான்.
தினமும் காலை ஆறு பத்துக்கு
என் பேர் எழுதிய வண்டி ஒன்று
அவள் ஜன்னலைத் தாண்டிப் போகவேண்டும்.
அது போதும் எனக்கு.
போதவில்லை. கோயிலுக்குத் தரை போட்டுக் கொடுத்தேன்,
கல்லில் என் பேர் பெரிதாக,
காவடி பார்க்க வருகிறவள் மிதித்தாவது படிக்கட்டும் என்று.

அறுபது சக்கரம் ஆன வருஷம்
தனபதி செத்துப்போனாள்.
வெறுங்கையோடுதான் கிடத்தினோம்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு
தெருவே வந்தது. சாலாட்சியும் வந்தாள்.
நரைத்துவிட்டாள். மூக்குக் கண்ணாடி, வீங்கிய கால்.
கை கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்தபடி
நேராக என்னிடம் வந்தாள்.
நாற்பது வருஷமாக எழுதிவைத்த பேச்சு
தொண்டையில் வரிசையாக நின்றது.

"ஆறு பத்து வண்டி உன்னோடதுதானே, கிஸ்தன்?
பதினோரு வருஷமா அதுலதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்.
ஒருநாளும் ஆறு பத்துக்கு வந்ததில்ல.
நின்னு நின்னு காலே போச்சு."

அவ்வளவுதான்.
பாயசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

விடியுமுன் ஆபீஸுக்கு வந்து
புகார்ப் புத்தகத்தைத் திறந்தேன்.
பெயர்: சாலாட்சி.
புகார்: தாமதம்.
எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
மணி ஐந்து ஐம்பது.
டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.